பின் ஷாஃப்டுக்கு ஒரு அளவு

இந்தாங்க பாய், இந்தக் கயிறுதான் அளவு. இந்த முடிச்சுல இருந்து அந்த முடிச்சு வரைக்கும். நடுவுல ஒரு சின்ன முடிச்சு இருக்கும், அதக் கணக்குல எடுத்துக்காதீங்க, அது முன்னாடியே கயித்துல இருந்தது. கியர்பாக்ஸ் வாயில ஒரு முனைய வச்சு, பின் ஆக்சில் நடுவுல இருக்குற கிரவுன் வாய் வரைக்கும் விறைப்பா இழுத்துப் பிடிச்சு எடுத்தது. பின் ஷாஃப்டுதான் வேணும். முன் ஷாஃப்டு நல்லாருக்கு.

உக்காரலாமா? போடியில மொத பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்கு வாரேன். டீ வேணாம் பாய். சரி, சொல்லுங்க, குடிப்போம். வெறும் வயிறு. வீட்டுல அடுப்புப் பத்தவைக்க ஆளில்ல. அதுக்குத்தான் இந்த ஷாஃப்டே.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். எம் பொஞ்சாதி பஞ்சவர்ணம் மேல மலையில, ஏலத்தோட்டத்துல, அவ தம்பி சுருளி வீட்டுல போயி உக்காந்துருக்கா. வண்டியும் நின்னு போச்சு, அவளும் வரல. நாளைக்கு வெள்ளிக்கிழம தம்பி மகளோட திருப்பூருக்குப் போறேன்னு சொல்லிட்டாளாம். ஏதோ பனியன் கம்பெனியில, பொம்பளப் பிள்ளைக தங்குற எடத்துல சமையல் வேலையாம். போனா திரும்ப மாட்டா பாய். எனக்கு அவளத் தெரியும். ஒரு எடத்துல அடுப்பு மூட்டிட்டான்னா அப்புறம் அத விட்டு நகர மாட்டா. அதுனால இன்னைக்கே ஷாஃப்டத் தூக்கிட்டுப் போயி, அந்தோணி மேஸ்திரிய வச்சு மாட்டி, நாளைக்கு வெள்ளன வண்டிய மேல ஏத்திருவேன். சுருளி வாசல்ல போயி நின்னு ஒரு ஹாரன். அம்புட்டுத்தான். வந்துருவா.

பஸ்ல போயிக் கூப்புடலாமேங்குறீங்களா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பஸ்ல போயி எறங்கி, மேட்டுல மூச்சு வாங்க நடந்து போயி, மச்சினன் வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? தவசின்னா ஜீப்பு, ஜீப்புன்னா தவசி. அந்த மலையில கேட்டுப் பாருங்க. வண்டி இல்லாம போனா என்னைய யாருன்னு கேப்பான்.

வண்டி பழைய டீசல் ஜீப்புதான் பாய். மிலிட்டிரி ஏலத்துல எடுத்த ஒருத்தர்ட்ட இருந்து வாங்குனது. நெத்திக் கண்ணாடியில பஞ்சவர்ணம்னு எழுதிருக்கேன், மஞ்சள்ள, சிவப்பு நிழல் குடுத்து. ஒரு மனுசன் பொஞ்சாதி பேர நெத்தியில எழுதிக்கிட்டு மலை பூரா சுத்துறான்னா, அதுக்கு மேல என்ன பாய் செய்யணும்? நீங்களே சொல்லுங்க.

ஆமா, தூக்குன வண்டிதான். எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க? கயித்தோட நீளத்துலயா? அப்ப சரியான கடைக்குத்தான் வந்துருக்கேன்.

கேளுங்க. முன்னெல்லாம் தோட்டத்துக்கு ஆள் ஏத்துறதுதான் நம்ம பொழப்பு. கூலிக்குப் போற பொம்பளைகள விடியக்குள்ள ஏத்திக்கிட்டுப் போயி விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வாரது. பஞ்சவர்ணம் முன் சீட்டுல என் பக்கத்துல உக்காந்து வருவா. தோட்டத்துல அவதான் கங்காணி மாதிரி, எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்புட்டு ஏத்துவா. அப்புறம் இந்த சூரிய உதயம் பாக்க வார கூட்டம் வந்துச்சு. பாறை மேட்டுல ஜீப்புலதான் போகணும். லோகுன்னு ஒருத்தன், நேத்து ஸ்டீரிங் பிடிச்ச பய, வண்டியத் தூக்கிப் பெரிய டயரப் போட்டுட்டான். வந்த கூட்டம் பூரா அவன் வண்டி முன்னாடி நின்னு போட்டோ எடுக்குது. என் வண்டியப் பாத்து ஒரு பய, "இது மேல ஏறுமா அண்ணா?"ன்னு கேட்டான் பாய். நான் அந்த மலையில அவன் அப்பன் பொறக்குறதுக்கு முன்னாடி ஏறுனவன்.

விடுவேனா? அந்தோணிகிட்டக் கொண்டுபோயி, ஆக்சிலுக்கு அடியில கெடந்த ஸ்பிரிங் பட்டைய ஆக்சிலுக்கு மேல மாத்தி, பெரிய டயரு போட்டு, தூக்குனேன் பாருங்க. லோகு வண்டி என் வண்டி பக்கத்துல நின்னா ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்.

பஞ்சவர்ணம் வாசல்ல வந்து நின்னு பாத்தா. "நல்லாத்தான் இருக்கு, நான் எப்பிடிங்க ஏறுறது?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. நான் சிரிச்சேன். பழகிருவன்னேன்.

இது எந்த வண்டி ஷாஃப்டு பாய்? சின்னதா இருக்கே. இதுதான் கம்பெனி அளவுங்குறீங்க, தெரியும், என் வீட்டுலயே கெடக்கு ஒண்ணு. வண்டி தூக்காதப்ப இருந்தது. துருப் பிடிக்காம கிரீஸ் தடவிச் சாக்குல சுத்திப் பரண்ல வச்சுருக்கேன். அது இப்பப் பத்தாது. வண்டி மேல போயிருச்சு, ஆக்சில் கீழயே நிக்குது, நடுவுல தூரம் கூடிப் போச்சு. பழைய ஷாஃப்டப் போட்டா அது எட்டிப் பிடிக்கணும். அந்த நீண்டு சுருங்குற பல்லு இருக்குல்ல, அது நுனியில மட்டும் கவ்விக்கிட்டு நிக்கும். ஒரு பள்ளத்துல எறங்குனா கழண்டுரும்.

பஞ்சவர்ணம் ஒருநா கேட்டா, அது என்னங்க அடியில சுத்துதுன்னு. எஞ்சின் சுத்துறதப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோற குழாடீன்னேன். "அது இல்லாட்டி?"ன்னா. எஞ்சின் பாட்டுக்கு எஞ்சின் ஓடும், வண்டி பாட்டுக்கு வண்டி நிக்கும்னேன். நல்லாக் கேட்டுக்குவா பாய். படிக்காதவதான், ஆனா சொன்னாப் புரிஞ்சுக்குவா. இவ்வளவு புரிஞ்சவளுக்கு எம் மனசு மட்டும் எப்பிடிப் புரியாமப் போச்சுன்னுதான் தெரியல.

இதுவா? இது வெட்டி ஒட்டுன ஷாஃப்டு. வேணாம் பாய். கையில வாங்கும்போதே தெரியுது, வெல்டு மேடு தட்டுது. இதே மாதிரி ஒண்ணத்தான் அந்தோணி போட்டுக் குடுத்தான், பழைய ரெண்டு ஷாஃப்ட வெட்டி ஒண்ணாக்கி. நீளம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா சாய்வு ஜாஸ்தியாப் போச்சுல்ல, ரெண்டு முனையிலயும் வளைஞ்சு குடுக்குற கிராஸு மொறச்சுக்கிட்டே சுத்தும். மூணாவது கியர்ல கொர்ருன்னு ஒரு நடுக்கம் கெளம்பும் பாருங்க, சீட்டு வழியா ஏறி பல்லு வரைக்கும் வரும். எனக்குப் பழகிப் போச்சு. அவளுக்குத்தான் ஒத்துக்கல.

எல்லாம் அந்த நடுக்கத்தால வந்த வினைதான் பாய். நான் யோசிச்சுப் பாத்துட்டேன். ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். வேற காரணமே கெடையாது.

அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. மூணு வருசமா வயித்து வலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா, சீசன் முடியட்டும் சீசன் முடியட்டும்னு தள்ளிப் போட்டு, கடைசியில தேனியில பெரியாஸ்பத்திரியில சேத்தோம். சுருளிதான் கூட இருந்தான். எனக்கு அப்ப டூரிஸ்ட்டுக் கூட்டம். வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு டாக்டரம்மா சொல்லிருக்காங்க, கனமாத் தூக்கக் கூடாது, ஏறி எறங்கக் கூடாது, வயிறு குலுங்குற மாதிரி எதுலயும் போகக் கூடாதுன்னு. நான் வண்டியக் கழுவி, மாலை போட்டு, நெத்தியில அவ பேருக்குக் கீழ சந்தனம் வச்சு, ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டு போயி நிறுத்துனேன். வந்தவன் போனவன் எல்லாம் பாக்குறான். ராசாத்தி மாதிரிக் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன் பாய்.

அவ மெதுவா வந்தா, ஒரு கையில சுவத்தப் பிடிச்சுக்கிட்டு. வண்டியப் பாத்தா. படியில ஒரு காலத் தூக்கிப் பாத்தா. படின்னா படி இல்ல, அந்தச் சட்டம்தான். எட்டல. நான் ஸ்டீரிங்ல இருந்துக்கிட்டே, "ம், ஏறு, ஒரு எம்பு எம்பு, அவ்வளவுதான்"னேன். எறங்கிருப்பேன். ஐட்லிங் சரியில்ல பாய், கால எடுத்தா எஞ்சின் அணைஞ்சுரும். பின்னாடி வேற ஆம்புலன்சுக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

அவ என்னையப் பாத்தா. கோவமாப் பாத்துருந்தாக்கூடத் தேவல. சும்மா பாத்தா. அப்புறம் அந்தக் கால எறக்கிக்கிட்டு, சுருளியப் பாத்து, "ஒரு ஆட்டோப் பிடிடா"ன்னா.

நடுக்கத்துக்குப் பயந்துக்கிட்டுத்தான் பாய். டாக்டரம்மா சொன்னது மனசுல இருக்கும்ல. வண்டி நடுங்கும்னு அவளுக்குத் தெரியும்ல. அதான் நான் சொல்றேன், நடுக்கம் இல்லாத ஷாஃப்டு ஒண்ணு போட்டுட்டேன்னா அவ வராம இருக்கக் காரணமே கெடையாது.

ஒடைஞ்சதா? அன்னைக்குத்தான் ஒடைஞ்சது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மாலையோட வண்டிய எடுத்தேன். ஆட்டோ போடி வீட்டுக்குத்தான் போகுதுன்னு நெனச்சா, அது பாட்டுக்கு ஊரத் தாண்டி மலைப்பாதையில போகுது. தம்பி வீட்டுக்கு! நான் பின்னாடியே வெரட்டுனேன். ரெண்டாவது கியர்ல போட்டு ஒரு மிதி மிதிச்சேன், வளைவுல டப்புன்னு கிராஸ் தெறிச்சு, ஷாஃப்டு கழண்டு அடிச்சுச்சு. எங்கன்னு கேளுங்க. முன் சீட்டுக்குக் கீழ. அவ உக்கார்ற சீட்டுக்குக் கீழ. தகரம் மேல எந்திரிச்சு வீங்கிப் போச்சு. அவ மட்டும் அந்தச் சீட்டுல இருந்துருந்தா என்னாகியிருக்கும்? சாமிதான் அவள ஆட்டோவுல ஏத்திருக்கு. நான் போனப் போட்டு அதையும் சொன்னேன் பாய். "நீ வண்டியில வராதது நல்லதாப் போச்சு புள்ள, உன் சீட்டுக்குக் கீழதான் ஒடைஞ்சுச்சு"ன்னேன். போன வச்சுட்டா.

ரோட்டோரமா நடந்து எறங்குனேன். மாலையக் கழட்டத் தோணல. மறுநா லாரி வச்சுக் கட்டி இழுத்துட்டு வந்து வீட்டு முன்னாடி கட்டைய வச்சு ஏத்தி விட்டேன். அப்ப இருந்து அங்கனதான் நிக்குது.

கட்டையிலதான் பாய். அடியில சேஸுக்குக் கட்டை குடுத்து, சக்கரம் தரையில படாம. டயரு கெட்டுப் போகும்ல. அப்பிடியே வச்சுத்தான் அளவெடுத்தேன். ஏன், என்ன?

தொங்குற வண்டியில எடுத்த அளவா... அட, ஆமா. பட்டையெல்லாம் தொங்கிருச்சுல்ல. ஆக்சில் இன்னும் கீழ போயிருக்கும். இந்தக் கயிறு காட்டுற அளவுக்கு ஷாஃப்டு போட்டு வண்டியத் தரையில எறக்குனா, அது போயி கியர்பாக்ஸ முட்டும். முட்டுமா? முட்டும்தான். எனக்குத் தெரியாததா பாய்? எத்தன வண்டிக்கு நானே சொல்லிருக்கேன், சக்கரம் தரையில நிக்கணும், பாரம் ஏறி நிக்கணும், அப்பத்தான் அது உண்மையான அளவுன்னு. அன்னைக்கு என்னமோ ஞாபகத்துலயே வரல. தனியாளா அடியில படுத்துக்கிட்டு எடுத்தேன். எப்பவும் மறுமுனையப் பிடிக்கிறது அவதான். நான் அடியில கெடப்பேன், அவ வெளிய குத்த வச்சு உக்காந்து டார்ச்சு அடிப்பா. "சேலையெல்லாம் எண்ணெயாகுது"ன்னு திட்டிக்கிட்டே அடிப்பா. அன்னைக்கு முனைய ஒரு கல்ல வச்சு நிப்பாட்டிட்டு எடுத்தேன். கண்ணு கலங்கிப் போச்சு. எண்ணெ விழுந்துருச்சு கண்ணுல.

இல்ல பாய். எண்ணெ இல்ல. அழுதேன். வண்டிக்கடியில படுத்துக்கிட்டு அழுதேன். யாரும் பாக்க மாட்டாங்கல்ல.

கயிறா? இது என்ன கயிறுன்னா கேக்குறீங்க? இது அவ கயிறு. ஏணையில இருந்து எடுத்ததெல்லாம் இல்ல, எங்களுக்குப் பிள்ளை இல்ல பாய். இது ஸ்டூல் கயிறு. வண்டியத் தூக்குன பொறகு ஏற முடியலன்னு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கிட்டா, சந்தையில. அதுமேல ஏறி நின்னு வண்டிக்குள்ள ஏறுவா. ஏறிட்டா ஸ்டூலு கீழ நின்னுருமே, அதுக்கு அது கால்ல இந்தக் கயித்தக் கட்டி, முனையக் கையில வச்சுக்கிட்டு, ஏறுனதும் ஸ்டூல மேல இழுத்துக்குவா. நல்ல மூளை பாய் அவளுக்கு. நடுவுல இருக்குதுல்ல சின்ன முடிச்சு, அது அவ போட்டது. கை வழுக்காம இருக்க.

அதுக்கு முன்னாடி ஒரு படி வச்சுத் தாங்கன்னு கேட்டா. ஒரு இரும்புத் துண்டு, அந்தோணிட்டச் சொன்னா ஒரு மணி நேரத்துல ஒட்டிருவான். நான் வேணாம்னுட்டேன். பாறையில இடிக்கும். அதுபோக, ஒசர வண்டிக்குக் கீழ படி தொங்குனா பாக்க நல்லாருக்காது. பல்லு மேல பல்லு மொளைச்ச மாதிரி இருக்கும்.

அந்த ஸ்டூலா? அது ஒரு கூத்து. ஒரு நா டூரிஸ்ட்டுப் பிள்ளைக நாலஞ்சு பேரு ஏறி உக்காந்துருக்காங்க. அவளும் தோட்டத்துக்கு வரணும்னா. ஸ்டூலப் போட்டா, ஏறுனா, கயித்தப் பிடிச்சு இழுத்தா. ஸ்டூலு கம்பியில மாட்டிக்கிட்டு வரல. அந்தப் பிள்ளைக சிரிச்சுட்டாங்க. ஒருத்தி போன்ல படம் பிடிச்சா. எனக்கு மானம் போயிருச்சு பாய். லோகு வேற எதிர்ல நிக்கிறான். எட்டி ஸ்டூலப் பிடுங்கித் தூக்கி எறிஞ்சேன், அது பள்ளத்துல போயி விழுந்துச்சு. கயிறு மட்டும் அவ கையில இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அதச் சுருட்டி ஆணியில மாட்டுனா. அதுக்குப் பொறகு அவ வண்டியில ஏறுனதே இல்ல. தோட்டத்துக்கு நடந்தே போனா, வந்தா. எதுக்குடி நடக்குறன்னு கேட்டா, நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்குறாங்கம்பா. நானும் நம்பிட்டேன்.

கயிறு நல்ல கயிறு பாய். நைலான். வீணாக்க வேண்டாம்னு நான் எடுத்து வச்சுக்கிட்டேன்.

டூரிஸ்ட்டுப் பொம்பளைக எப்பிடி ஏறுவாங்கன்னா, நான் எறங்கி வந்து கை குடுப்பேன். ஒரு காலச் சட்டத்துல வைங்கம்மா, கையக் குடுங்கம்மான்னு ஏத்தி விடுவேன். அது தொழில் பாய். வீட்டுப் பொம்பளைக்கும் அப்பிடியே நின்னா ஊரு சிரிக்காதா?

என்ன சொல்றீங்க? வண்டி ஒசரத்த எறக்கிரவா?

பாய், நீங்களும் அவளும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா? அவளும் இதேதான் சொன்னா. சுருளிட்டச் சொல்லி விட்டா. "வண்டிய எறக்கச் சொல்லுடா, எறக்குனா வர்றேன்"னு. நான் அவன்ட்டக் கேட்டேன், உங்கக்காவுக்கு வண்டியப் பத்தி என்னடா தெரியும்னு. பட்டையப் பழையபடி கீழ மாத்துனா பரண்ல கெடக்குற கம்பெனி ஷாஃப்டே போதும், நடுக்கமும் இருக்காது, எதுவும் வாங்கவே வேண்டாம்னு நீங்க சொல்றது சரிதான். கணக்குச் சரிதான். ஆனா கடைய வச்சுக்கிட்டு ஷாஃப்டு வாங்காதன்னு சொல்ற ஆள இப்பத்தான் பாய் பாக்குறேன்! எறக்கிட்டு அந்த ஜீப்பு ஸ்டாண்டுல நான் எப்பிடி நிக்கிறது? லோகு என்ன சொல்லுவான்? தவசியப் பொஞ்சாதி எறக்கிட்டாம்பான். இல்ல பாய். வேற காட்டுங்க.

ஆகா. இது என்னது, ஒரு பக்கம் ரெட்டைக் கிராஸா? இதத்தான் அந்தோணி சொன்னான், எங்க கெடைக்கும்னு அவனுக்குத் தெரியல. கியர்பாக்ஸ் பக்கம் ரெட்டை, கிரவுன் பக்கம் ஒத்தை. கிரவுன் மூக்கக் கொஞ்சம் மேல தூக்கி வைக்கணுமா? வைப்போம், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சாத் தூக்கிரும். எந்தச் சாய்வுல சுத்துனாலும் நடுங்காதா? நெசமாவா? கையில சுத்திப் பாக்குறேன், இருங்க. எம்புட்டு சொகமாத் திரும்புது பாருங்க! ஒரு கிராஸு மொறச்சா இன்னொரு கிராஸு வளைஞ்சு குடுக்குது. இதான் பாய். இதான் எனக்கு வேணும்.

நீளத்த ஊருக்குப் போயிச் சொல்றேன். வண்டியத் தரையில எறக்கி நிப்பாட்டி, நல்லாப் பாரம் ஏத்தி, அளவெடுத்து போன்ல சொல்றேன், நீங்க அதுக்குத் தக்கன வெட்டி லேத்துல பேலன்ஸ் பாத்து சாயங்கால பஸ்ல போட்டு விட்டுருங்க. அளவெடுக்கும்போது முன் சீட்டுல ரெண்டு அரிசி மூட்டைய வைக்கணும். அவ கனம் இருக்கணும்ல. ஆபரேசனுக்குப் பொறகு எளைச்சுட்டாளாம். ஒண்ணரை மூட்டை வைக்கிறேன்.

உங்களுக்குச் சொன்னாப் புரியாது பாய், வீடு எப்பிடிக் கெடக்குன்னு. காலையில எந்திரிச்சா, "ஏங்க, தண்ணி பிடிச்சு வைங்க"ன்னு ஒரு சத்தம் கேக்கும். இப்பவும் எந்திரிச்சதும் தண்ணி பிடிச்சு வைக்கிறேன். யாரும் சொல்லாமலே. கொடம் கொடமா நெறைஞ்சு நிக்குது, பொழங்க ஆளில்ல. அவ புளிச்சட்டியில நானே ஒரு தடவை கொழம்பு வச்சுப் பாத்தேன். வாயில வைக்க முடியல, தட்டோட வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். கண்ணாடியில அவ பேரு இருக்குல்ல, தெருவுல போற சின்னப் பிள்ளைக எழுத்துக் கூட்டி அதப் படிச்சுக்கிட்டுப் போகும், நான் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். அவ பேர ஊருல யாராவது சொல்றாங்கல்ல, அது போதும்னு. எனக்கு அவ வேணும் பாய். அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம்.

இருங்க, போன் அடிக்குது. சுருளிதான்.

சொல்றா. நான் மதுரையில இருக்கேன், ஷாஃப்டு பாத்துட்டேன்டா, பிரமாதமான ஷாஃப்டு, ரெட்டைக் கிராஸு. உங்கக்காட்டச் சொல்லு, நடுக்கமே... என்ன? நாளைக்குன்னுதானடா சொன்ன? ஏன் இன்னைக்கு? ம். ம். எப்ப? வீட்டுக்கா? எங்க வீட்டுக்கா? யாருட்டக் கேட்டா? ம். சரி. ம். கண்டக்டரா? சரிடா. சரி. வை.

ஒண்ணுமில்ல பாய். தண்ணி இருக்கா?

கெளம்பிட்டாளாம். கம்பெனியில இருந்து ஒரு நா முன்னாடியே வரச் சொல்லிட்டாங்களாம். காலையில மலையில இருந்து எறங்கி, போடியில நம்ம வீட்டுக்கு வந்துருக்கா. சுருளியும் அவன் மகளும் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டாங்களாம், இவ மட்டும் வந்துருக்கா. வீடு பூட்டிக் கெடக்கு. வண்டி கட்டை மேல நிக்குது. அதச் சுத்தி ஒரு சுத்து சுத்திப் பாத்தாளாம். பக்கத்து வீட்டு ஒச்சம்மா இருந்துச்சாம். "வண்டிய எறக்கலையா மதினி அவரு?"ன்னு அதுட்டக் கேட்டுருக்கா. எறக்கலடி, ஏதோ ஷாஃப்டு வாங்கணும்னு மதுரைக்குப் போயிருக்காருன்னு அது சொல்லிருக்கு. "அதானே"ன்னாளாம். அம்புட்டுத்தான் சொன்னாளாம். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி, திண்டுக்கல் பஸ் வந்ததும் ஏறிப் போயிட்டாளாம்.

பஸ்ஸுப் படியும் ஒசரம்தான பாய்? மொதப் படி முட்டி ஒசரத்துக்கு இருக்கும்ல? ஏறிட்டாளாம். கண்டக்டர் எறங்கி வந்து கை குடுத்தாராம். யாரோ ஒரு கண்டக்டர். பேரு தெரியாது, ஊரு தெரியாது. கையப் பிடிச்சு, பாத்தும்மா பாத்தும்மான்னு ஏத்தி விட்டாராம். ஜன்னலோரமா எடம் கெடைச்சுச்சாம்.

இல்ல, அத உள்ள வச்சுருங்க பாய். ரெட்டைக் கிராஸ. நல்ல ஷாஃப்டுதான், அது மேல ஒண்ணும் கொறை இல்ல. அந்தக் கயித்த மட்டும் குடுங்க. நான் எடுத்துக்கிறேன்.

பாய், ஒண்ணு கேக்குறேன். பட்டையப் பழையபடி கீழ மாத்தி, பரண்ல கெடக்குறத எடுத்து மாட்டி, வண்டியத் தரையில எறக்கி நிப்பாட்டணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?

அரை நாளா?

அரை நாள் வேலைதானா பாய் அது?